அனுப்புவதற்கு முன் கேளுங்கள்

2005 ஜனவரியில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமியாக வந்த கடல், அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிருந்தது. செய்தி கேட்டுத் துடித்த உள்மாவட்டங்கள் லாரி லாரியாகத் துணி அனுப்பின. அடுத்தவர் உடுத்திக் கழித்த சேலையை மீனவப் பெண்கள் வாங்க மறுத்தார்கள். முந்தின நாள் வரை சொந்த உழைப்பில் சாப்பிட்டவர்கள் அவர்கள். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்து நின்றபோது கிழிசலை நீட்டியது அவர்களுக்கு இன்னொரு அடியாக இருந்தது. சேற்றில் மிதிபட்ட அந்தத் துணியை அள்ளி அப்புறப்படுத்துவதும் ஒரு வேலையாகிப் போனது. அனுப்பிய எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் குறை.

தன்னார்வத் தொண்டின் முதல் வேலை கேட்பது என்பதே என் வாதம். உயிர் போகிற நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா என்பார்கள். அந்த நேரத்தில் வெளியூர்க்காரர் அங்கே இருப்பதே இல்லை. அலை வடிந்ததும் இடிபாடுகளுக்குள் கைவிட்டுத் தூக்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். நம் லாரி போய்ச் சேரும்போது கேட்பதற்கு நேரம் இருக்கிறது. கேட்பதற்கு ஓர் இடம்தான் வேண்டும். நாகையில் சில நாட்களிலேயே அப்படி ஓர் இடம் உருவானது. கடற்கரையில் ஏற்கெனவே வேலை செய்துவந்த ஸ்நேகா, சிஃப்ஸ் ஆகிய அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே எது குறைகிறது என்ற கணக்கு அங்கே இருந்தது. உதவி வேகமாக உரிய இடத்துக்குப் போக அந்தக் கணக்கே வழி செய்தது.

கேட்டால் மட்டும் போதுமா, ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஆட்களுக்குத்தானே கேட்பார்கள் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதில் உண்மை இருக்கிறது. மீனவர் பஞ்சாயத்துகள் தந்த பட்டியலில் தலித் குடியிருப்புகள் பல இடங்களில் விடுபட்டன. கூடையில் மீன் விற்கும் பெண்களும், உப்பளத் தொழிலாளிகளும், உப்பு ஏறிய வயலில் கூலி வேலை இழந்தவர்களும் பின்னால் தள்ளப்பட்டார்கள். அதே சமயம் ஃபைபர் படகுகள் சில ஊர்களில் தேவைக்கு மேல் குவிந்தன. படகு கொடுப்பது ஒரு நாள் விழா, படத்துக்கும் நன்றாக இருக்கும். உப்பேறிய வயலில் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, மழைக்குக் காத்திருந்து மண்ணை மீட்பது அப்படியில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு நின்ற விவசாயிகளும் செய்த அந்த வேலைக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டியிருந்தது. ஆகவே ஒரே வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. பெண்களிடம் தனியாக, தலித் காலனியில் தனியாகக் கேட்டு, பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். வீடு கட்டுவதிலும் அப்படித்தான். 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் பல கிராமங்களில் பணத்தைத் தவணையாக வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, பொறியாளர் உதவியோடு அவர்களையே வீடு கட்ட வைத்தார்கள். நாகையில் முதலில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளோ, வெயிலில் கொதிக்கும் தார் அட்டைக் கொட்டகைகள். அங்கே குடியிருக்கப்போகிற ஒருத்தியைக் கேட்டிருந்தால் அந்த அட்டையைத் தேர்ந்தெடுத்திருப்பாளா?

நம் ஊர்களான ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுனாமி வராது. காட்டாறு வரும். 2015-இல் பக்கத்துச் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தென் மாவட்டங்கள் தத்தளித்தன. இங்கே செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களும் மீன்வெட்டிப் பாறைக்குக் குளிக்கப் போகிறவர்களும் ஓடையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை பெய்திருக்கும். அதை முன்கூட்டி அறியக்கூடியவர்கள் அங்கேயே குடியிருக்கும் பளியர் பழங்குடியினர். பேரிடர்த் திட்டம் எழுதும்போது அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் அரசின் வேலை, தன்னார்வலர் எதற்கு என்று கேட்டால், அரசின் பொறுப்பில் ஒரு பைசாகூடக் குறைக்கச் சொல்லவில்லை என்பதே பதில். 1995-இல் ஜப்பானின் கோபே நகரம் பூகம்பத்தில் குலுங்கியபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் திரண்டார்கள். அந்த அனுபவம்தான் 1998-இல் தொண்டு அமைப்புகளுக்கான சட்டமாக மாறியது. நம் வருவாய்த் துறையிடமும் முதல் நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் செண்பகத்தோப்புப் பளியர் பெயர் இருக்கிறதா, அவர்கள் கையில் கயிறும் டார்ச்சும் இருக்கிறதா, செல்போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் யார் ஓடிவந்து யாரிடம் சொல்வது என்று முடிவாகியிருக்கிறதா? ஐப்பசி மழைக்கு முன்னால், மில் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், அவர்களோடு ஓடைக்கரையில் நடந்து, இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.