படலையும் திறப்பும்

சென்ற வாரம் மாலைப் பொழுதொன்றில் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் மடிக்கணினியும் கையுமாக நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். தமது ஊர்ச் சனசமூக நிலையத்துக்கென அவர் ஓர் இணையத்தளம் அமைத்து வருகிறார். ஊரவர் வீடுகளில் எஞ்சியுள்ள பழைய ஒளிப்படங்களை அவரவரே அத்தளத்தில் ஏற்ற வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரும் அனுப்ப வேண்டும். அவையெல்லாம் ஓரிடத்தில் ஊரின் பொதுச் சொத்தாக நிலைபெற வேண்டும் என்பது அவர் விருப்பம். நல்ல விருப்பமே.

"சேர், முதலில் படம் ஏறவேயில்லை. கோப்புறைக்கு 777 என்று அனுமதி கொடுத்தேன், உடனே ஏறிவிட்டது" என்றார் பெருமிதத்தோடு.

அவ்வெண்ணைக் கேட்ட மாத்திரத்தில் நாம் திடுக்கிட்டோம். காரணத்தை அவருக்குக் கூறியவாறே நம் வாசகர்களுக்கும் கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

பழைய படமொன்றின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981 ஆம் ஆண்டில் மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் புறப்பட்டபோது, கையிற் கொண்டதையன்றி மற்றெல்லாவற்றையும் விட்டே சென்றனர். சுவரில் தொங்கிய தாய் தந்தையர் படங்களை மீளக் காணாத குடும்பங்கள் பல. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்து வருவது இத்தகைய இழப்புகளுக்கு ஒருவாறு மருந்தாகும். அம்மாணவர் செய்ய முனைந்ததும் அதைப் போன்றதொரு சிறு தொண்டே. ஆயின் காப்பதற்கென அமைத்த இடமே களவுக்கு வழியாகி விடலாகாதன்றோ?

நம் முன்னோர் கட்டிய வீடுகளின் வாயிலில் சங்கடப்படலை என்றொன்று இருந்தது. கூரை வேய்ந்த அப்படலையின் கீழ் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறுவர். தாகத்துக்குத் தண்ணீரும் வைக்கப்பட்டிருக்கும். வருபவர் யாரென்று எவரும் வினாவுவதில்லை. அதற்காக வீட்டின் திறப்புக்கோர்வையை அங்கே தொங்கவிட்டவர் எவருமிலர். பொதுமக்கள் படம் அனுப்பும் கோப்புறையும் ஒரு சங்கடப்படலையே. வந்தது அங்கே தங்கலாம், வீட்டை ஆளலாகாது.

இனி 777 இன் பொருளைக் காண்போம். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் உருவாகத் தொடங்கியது. இன்று இணையத்தளங்கள் பலவற்றைத் தாங்கும் லினக்ஸ் வழங்கிகள் அதன் முறையையே பின்பற்றுகின்றன. அம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர் உளர். வாசிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1 என எண்கள் உண்டு. கோப்புறையாயின் அந்த 1 என்பது உட்செல்லும் உரிமையைக் குறிக்கும். மூன்றையும் கூட்டினால் 7. ஆகவே 777 என்பது மூவகையினருக்கும் முழு உரிமையையும் வாரி வழங்கிய சாசனமாகும். ஒரே வழங்கியிற் பலருடைய தளங்கள் குடியிருக்குமாயின், அயலாரும் அந்த 'ஏனையோருள்' அடங்கக் கூடும்.

பொதுவாகக் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும்; அதாவது எழுதுவோர் உரிமையாளர் மட்டுமே, பிறர் வாசிப்போர். தரவுத்தளத்தின் கடவுச்சொல் உள்ள கோப்பை உரிமையாளரன்றிப் பிறர் வாசித்தலும் தகாது. அதற்கு 600 பொருந்தும். அவ்வாறாயின் மாணவரின் படம் ஏறாதது ஏன்? இணைய வழங்கி எந்தப் பயனர் பெயரில் இயங்குகின்றதோ, அப்பயனருக்கு அக்கோப்புறையில் எழுத உரிமை இருக்கவில்லை. அந்த ஒரு கோப்புறையை மட்டும் அப்பயனர் பெயருக்கு மாற்றியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஒரு பூட்டு இறுகியதற்காக வீட்டின் கதவுகளையெல்லாம் கழற்றி வைப்பது அறிவுடைமையாகாது.

இஃது ஒரு பாதி. மறுபாதி, வருகின்ற படத்தைப் பற்றியது. வெளுத்ததெல்லாம் பாலாகாதது போல, படமென்று பெயர் பூண்டு வந்ததெல்லாம் படமாகாது. 2011 இல் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்காட்டுவோம். படங்களைச் சிறிதாக்கித் தரும் டிம்தம்ப் என்னும் சிறு நிரலை அக்காலத்தில் வேர்ட்பிரஸ் தளங்கள் பல பயன்படுத்தின. பிளிக்கர், புளொக்கர் போன்ற சில தளங்களிலிருந்து வரும் படங்களை அந்நிரல் ஏற்கும். ஆயின் அப்பெயர் முகவரியில் எங்கேனும் காணப்பட்டாலே அதற்குப் போதும். முகவரி உண்மையில் யாருடையது என்று அது ஆராயவில்லை. தீயோர் தம் முகவரிக்குள் அப்பெயரைச் செருகி, படத்துக்குப் பதிலாகப் பி.எச்.பி நிரலை அனுப்பினர். அது தளத்தின் உள்ளேயே சேமிக்கப்பட்டு, அழைத்தபோது ஓடிற்று. தெரிந்த வீட்டுப் பெயரைச் சொல்லி அந்நியன் அடுக்களைவரை வந்த கதை இது.

ஆதலால் பெயரையும் அதன் வாலையும் நம்பலாகாது. உள்ளடக்கத்தை நோக்க வேண்டும். ஜேபெக் படமொன்றின் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 ஆக இருக்கும். அதையும் போலியாக எழுதலாமாதலின், வந்த படத்தைத் திறந்து புதிய படமாக மீள எழுதிச் சேமிப்பதே மேல். ஒளிந்திருந்த நிரல் பெரும்பாலும் அதில் உதிர்ந்துவிடும். அனுப்பியவர் இட்ட பெயரை நீக்கி நாமே பெயரிட வேண்டும். அளவுக்கு வரம்பு வேண்டும். எஸ்.வி.ஜி வகை, படம் போலத் தோன்றினும் நிரலைச் சுமக்கவல்ல எழுத்துக் கோப்பாதலின், அதனைத் தவிர்த்தல் நன்று. படங்களை மீள எழுதும் மென்பொருளையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும்; அத்தகைய இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருளிலேயே 2016 இல் பெரியதொரு ஓட்டை வெளிப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பி.எச்.பி நிரலை வழங்கியால் வாசிக்க முடிந்தாலே அதனை ஓட்டவும் முடியும். எனவே கோப்பின் இயக்கும் உரிமையை நீக்குவது மட்டும் காவலாகாது. பதிவேற்றக் கோப்புறையைத் தளத்தின் வெளிப்புறத்தே வைத்தல் வேண்டும். இயலாதாயின் அக்கோப்புறையில் எந்நிரலும் ஓடலாகாதென வழங்கிக்குக் கட்டளையிடல் வேண்டும். விக்கிப்பீடியாவும் நூலகத் தளமும் பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளைப் பாருங்கள்: நிருவாகி திறந்தாலன்றி அதன் பதிவேற்ற வாயில் மூடியே இருக்கும்; திறந்த பின்னும் அனுமதித்த வகைகளையே அது ஏற்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தினுள், எடுத்த இடத்தின் நெடுங்கோடும் அகலக்கோடும் மறைந்திருக்கக் கூடும். 2012 டிசெம்பரில், தலைமறைவாயிருந்த ஜோன் மக்கஃபி என்னும் மென்பொருள் வணிகர் குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்தில் இருந்த இக்குறிப்பே உலகுக்குக் காட்டிக் கொடுத்தது. கணினிப் பாதுகாப்பு மென்பொருளாற் புகழ்பெற்றவருக்கே அந்நிலை! பாட்டியின் படத்தைச் சுவரிலிருந்து படம்பிடித்து அனுப்பும் பிள்ளை, அத்தோடு தன் வீட்டு முகவரியையும் அனுப்பலாகாது. தளம் வெளியிடுமுன் அக்குறிப்புகளை நீக்குதல் அமைப்பவர் கடன்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் எவரையும் படம் அனுப்ப விடாமல் மூடிவிடட்டுமா, சேர்?" என்றார். வேண்டாம் என்றோம். மூடிய தளத்துக்கு ஒரு படமும் வராது. மூதாட்டியர் வீட்டுப் பெட்டிகளில் அவை செல்லரித்துப் போகும். 777 ஐ 755 ஆக்கி, உரிமையாளரை மாற்றி, படங்களின் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் வைக்குமாறு சொல்லி அனுப்பினோம். அன்றிரவே செய்து முடித்ததாகத் தகவல் வந்தது.

படலை திறந்தே இருக்கட்டும். திறப்பு மட்டும் நம் மடியில் இருக்கட்டும்.