ஆக்கில்லாவின் வீடும் நம் கல்லூரி மாணவர்களும்



புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்டது. நம் நகரைச் சுற்றியுள்ள கல்லூரி விடுதிகளில் வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிப் பரிசு வாங்கியவர்களும், பாடகர் குழுவில் பாடியவர்களும், திடப்படுத்தல் பெற்றவர்களும் அவர்களுக்குள் உண்டு. சொந்த ஊரில் அவர்களை ஆலயத்துக்கு அழைத்துச் செல்லப் பெற்றோர் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்?

கல்லூரி மாணவர் ஊழியம் என்றவுடன் நம் கமிட்டிகளின் எண்ணம் பெரும்பாலும் ஒரு திசையிலேயே செல்கிறது. மூன்று நாள் முகாம், பெயர் பெற்ற பேச்சாளர், இசைக்குழு, ஒலிபெருக்கி, பதாகை. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமில் மனந்திரும்பியவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். ஆனால் முகாம் மூன்று நாளில் முடிகிறது. விடுதி வாழ்க்கையோ மூன்று, நான்கு ஆண்டுகள் நீள்கிறது. அந்த நீண்ட காலத்துக்குச் சபை என்ன வைத்திருக்கிறது என்பதே என் கேள்வி.

2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதினருக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4 விழுக்காடு. ஒரு காலத்தில் கல்லூரி என்பது சபையில் இரண்டொரு குடும்பத்தின் காரியம். இன்று அப்படியில்லை. ஆகவே இது ஆர்வமுள்ள சிலர் செய்யும் தனி ஊழியமன்று. நம் வாலிபரில் பெரும்பகுதியினரின் ஆத்தும விசாரிப்பு.

"நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், பொறியியலும் மருத்துவமும் படிக்கிற பிள்ளைகளோடு என்ன பேசுவது?" என்று சபையார் சிலர் தயங்குவதுண்டு. அவர்கள் அப்போஸ்தலருடைய நடபடிகள் 18 ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டுகிறேன். அப்பொல்லோ கல்விக்குப் பேர்போன அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர். அவருடைய போதனையில் இருந்த குறையைக் கண்டுகொண்டவர்கள் கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னிலும் எழுந்து அவரை மறுத்துப் பேசாமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திருத்தமாக விளக்கினார்கள். அப்பொல்லோவின் பட்டறிவைவிட அவர்களுடைய அன்பும் பொறுமையும் அங்கே பெரிதாக இருந்தன. அதன்பின் அகாயாவிலிருந்த சபைக்கு அப்பொல்லோ பேருதவியாக விளங்கினார்.

திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் குருவாக சார்லஸ் சிமியோன் 1782 முதல் 1836 வரை, 54 ஆண்டுகள் ஒரே இடத்தில் பணியாற்றினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் அவருடைய அறையில் கூடுவார்கள், தேநீர் உண்டு, எதைப் பற்றியும் கேட்கலாம். அவருடைய உதவி குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1806 இல் இந்தியா வந்து, புதிய ஏற்பாட்டை உருது மொழியிலும் பாரசீக மொழியிலும் பெயர்த்தார்.

நம் திருநெல்வேலி மண் தந்த பேராயர் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக வாலிபர் நடுவே உழைத்தவர். 1910 இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிமாரின் தியாகங்களை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், அவற்றோடு நட்பையும் தாருங்கள் என்று வேண்டினார். நம் விடுதி மாணவர்களும் நம்மிடம் அதையே கேட்கிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

கல்லூரிகளுக்குள் எஸ்.சி.எம். 1912 முதலும், யு.இ.எஸ்.ஐ. 1954 முதலும் நம் நாட்டில் நற்பணி செய்துவருகின்றன. ஆயினும் மாணவர் ஐக்கியத்தை நடத்துகிறவரும் இருபது வயதுப் பிள்ளையே. தேர்ச்சி பெற்றதும் அவரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஆண்டுதோறும் முகங்கள் மாற, நிலைத்திருப்பது உள்ளூர்ச் சபை ஒன்றுதான்.

இன்னொரு காரியத்தையும் மனந்திறந்து எழுத வேண்டும். தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளையை நாம் ஆலயத்தில் முன்னே அழைத்து ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அது நல்லது. ஆனால் நான்கு பாடங்களில் அரியர் வைத்திருக்கும் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் அது ஆலயத்துக்கே வருவதில்லை. வீட்டில் சொல்ல அச்சம். சபையில் சொல்ல வெட்கம். தோல்வியைச் சொல்ல ஒருவரும் இல்லாத பிள்ளை எந்த இருளுக்குள் செல்லக்கூடும் என்பதைப் பெற்றோர் அறிவீர்கள். கெட்ட குமாரனைத் தூரத்திலேயே கண்டு ஓடிய தகப்பனைப் பிரசங்கிக்கிற நாம், அரியர் வைத்த பிள்ளையை நோக்கி இரண்டடியாவது எடுத்துவைக்க வேண்டாமா?

மாணவர்களின் கேள்விகளும் நம்மைச் சங்கடப்படுத்தும். படைப்பையும் உயிரியல் பாடத்தையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் திருமணத்தில் மட்டும் ஏன் சாதி பார்க்கிறோம்? "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பது பதிலாகாது. தோமாவின் சந்தேகத்தை நம் ஆண்டவர் அதட்டி அடக்கவில்லை, காயங்களைக் காட்டினார்.

ஆகவே சபையாரிடம் என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு விடுதி மாணவர்களை ஏற்றுக்கொள்ளட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுதியின் நேரத்துக்குள் திரும்ப அனுப்புங்கள். மாணவிகளை இருவராகவே, குடும்பமாக வாழும் வீடுகளுக்கே அழையுங்கள்; யார் எந்த வீட்டுக்குச் செல்கிறார்கள் என்பது சபைக்குத் தெரிந்திருக்கட்டும். உள்ளூர்ப் பாதுகாவலர் இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு உங்கள் பெயரைக் கொடுங்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோங்கள். தேர்வு வாரங்களில் வாலிபர் கூட்டம் வைக்காதிருப்பதும் ஊழியமே.

அவர்களோடு பிற சமயத்து நண்பர்களும் வருவார்கள். அவர்களுக்கும் அதே இலையில் அதே சோறு. தனிமையில் இருக்கும் பிள்ளையை எண்ணிக்கைக்காகப் பிடிக்க முயல்வது சுவிசேஷத்துக்கே அவமானம். கேட்டால் நம் நம்பிக்கையைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்வோம். கேட்காவிட்டாலும் அன்பு குறையாது.

முகாமுக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. ஆனால் பணத்தைவிட அரிதான ஒன்று இதற்கு வேண்டும்: நம்முடைய ஞாயிறு பிற்பகல். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய முகப்பில் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். ஜெபித்து, உங்கள் வீட்டின் பெயரை எழுதுங்கள்.

எம்மாவு கிராமத்து வீட்டில் பந்தியிருந்து அப்பத்தைப் பிட்டுத் தம்மை வெளிப்படுத்திய ஆண்டவர், நம் வீடுகளிலும் இந்தப் பிள்ளைகளின் கண்களைத் திறப்பாராக. ஆமென்.