எதை வெட்டுவது என்று எம்மைக் கேளாதீர்!

மன்னார்புரம் நாற்சாலையை அடுத்த ஓர் அரசினர் பள்ளியில், அண்மையில் ஒரு மாலைப்பொழுது, பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. கூலித் தொழிலாளர், தையற்காரர், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார் எனப் பெற்றோர் இருபதின்மர் வந்திருந்தனர். யானும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். தலைமையாசிரியர் ஒரு தாளை விரித்தார். வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை என்றும், இவ்வாண்டு எந்தெந்தச் செலவை நிறுத்தலாம் என்று பெற்றோரே சொல்லட்டும் என்றும் கூறினார். நூலகத்திற்கு வரும் நாளிதழையா? தமிழ் மன்றத்தையா? விளையாட்டுப் பொருள்களையா? ஓவிய வகுப்பிற்கு வாங்கும் தாளையும் வண்ணத்தையுமா?

தமிழ் மன்றம் இல்லாவிட்டால் என்ன என்றார் ஒருவர். பந்து இல்லாவிட்டால் என்ன என்றார் மற்றொருவர். அப்போது ஒரு தாய் எழுந்தார். "ஓவிய ஆசிரியர் வரும் நாளில் மட்டுந்தான் என் மகன் எழுப்பாமலே எழுந்து பள்ளிக்குப் புறப்படுகிறான். அதையும் நிறுத்திவிட்டால் நான் அவனை எதைச் சொல்லி அனுப்புவேன்?" என்றார். கூட்டம் அடங்கியது. அந்த அமைதியில்தான் பின்வரிசை நண்பரொருவர், "ஒரு கையெழுத்துப் போட்டால் பணமெல்லாம் வந்துவிடுமாமே! இன்னொரு மொழியைப் படித்தால் நாம் தேய்ந்தா போய்விடுவோம்?" என்று கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை.

அந்நண்பர் தமிழ்ப் பகைவர் அல்லர். தம் பிள்ளையின் நலங்கருதியே கேட்டார். ஆகவே அவர்க்குச் சினமின்றி விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வாராத பணம் எது? ‘சமக்ர சிக்சா’ என்று தில்லி சமற்கிருதப் பெயர் சூட்டிய திட்டத்தை நம் மாநிலம் ‘ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி’ என்று அழைக்கிறது. அதன் செலவில் 60 விழுக்காடு நடுவணரசின் பங்கு. 40 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. 2024–25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்கென ஒப்புக்கொள்ளப்பெற்ற தொகை 3,586 கோடி உருபா. அதில் நடுவணரசு தரவேண்டியது 2,152 கோடி. அவ்வாண்டு முழுவதும் அதிலிருந்து ஓர் உருபாவும் வரவில்லை. ஏறத்தாழ 44 இலக்கம் மாணவரும் 2.21 இலக்கம் ஆசிரியரும் இதனால் பாதிக்கப்பெற்றதாகத் தமிழ்நாட்டரசு கூறியது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகட்கெனச் சட்டம் ஒதுக்கிய இடங்களுக்கான கட்டணமும் இதில் அடங்கும். அதனால் 2025-இல், பள்ளி திறந்த சூன் திங்களில் நடைபெற்றிருக்க வேண்டிய அச்சேர்க்கை, அப்பகுதிப் பணத்தைத் தில்லி விடுவித்த பின்னர் அக்தோபரில்தான் நடைபெற்றது. நான்கு திங்கள் அக்குழந்தைகள் வாயிலில் நின்றனர்.

ஏன் நிறுத்தினர்? கணக்கில் பிழையா? களவா? இல்லை. ‘பி.எம். சிறீ’ என்னும் வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதே கரணியம். அவ்வொப்பந்தத்தில் இட்டால், 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை முழுவதுமாக ஏற்கவேண்டும். அதனுள்ளேதான் மும்மொழி அமர்ந்திருக்கிறது. அக்கொள்கையை ஏற்காதவரை பணமில்லை என்பதை நடுவணரசின் கல்வியமைச்சர் தருமேந்திர பிரதான் 2025 பிபுரவரியில் காசியில் வெளிப்படையாகவே கூறினார். ஒரு திட்டத்தில் சேரவில்லை என்று மற்றொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது முறையன்று என்று, 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே அறிக்கை தந்தது. அதே ஆண்டு மே திங்களில் தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றம் சென்றது.

நண்பரே, எண்ணிப் பாரும்! நீர் அரிசிக்கு விலை கொடுத்துவிட்டீர். கடைக்காரனோ, "என் கடையின் புளியையும் வாங்கினால்தான் அரிசியைத் தருவேன்" என்கிறான். அப்போது நீர், "இன்றிரவு எந்தப் பிள்ளையைப் பட்டினி போடலாம்?" என்று வீட்டில் கூடிப் பேசுவீரா? கடை வாயிலில் நின்று அரிசியைக் கேட்பீரா? நம் வரியிலிருந்து வரும் பணம் நமக்குரியது. அது கொடையன்று, கடன். கடனைத் திருப்பித் தருபவன் கட்டளை இடமுடியாது.

"இந்தி என்று சொல்லவில்லையே! எந்த மொழியையும் எடுத்துக்கொள்ளலாமே!" என்பது அடுத்த வினா. தாளில் அப்படித்தான் இருக்கிறது. மூன்று மொழிகளுள் இரண்டு இந்திய மொழிகளாக இருக்கவேண்டும் என்கிறது கொள்கை. தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை மலையாளமும், மற்றொரு பிள்ளை தெலுங்கும், வேறொரு பிள்ளை கன்னடமும் கேட்டால், ஒவ்வொருவர்க்கும் ஆசிரியர் வருவாரா? வரமாட்டார். எந்த மொழிக்கு ஆசிரியரை அனுப்புகிறார்களோ, அந்த மொழியே பிள்ளையின் ‘விருப்ப மொழி’ ஆகிவிடும். அஃது எந்த மொழியாக இருக்கும் என்பதற்கு நடுவணரசு தமிழ்நாட்டிலேயே நடத்தும் பள்ளிகள் சான்று. அங்கே இந்திக்கும் சமற்கிருதத்திற்கும் நிலையான ஆசிரியர் இருக்க, தமிழுக்கு நிலையான ஆசிரியர் இல்லை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழிப் பெற்ற விடைகள் வெளிப்படுத்தின. தமிழ் மண்ணிலேயே தமிழுக்கு ஆசிரியரை அமர்த்தாதவர், நாம் கேட்கும் மொழிக்கெல்லாம் ஆசிரியரைத் தருவர் என்று நம்புவது பேதைமை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இருக்கின்ற ஓவிய வகுப்பிற்கு வண்ணம் வாங்கப் பணமில்லை. இல்லாத மூன்றாம் மொழிக்கோ ஆயிரமாயிரம் ஆசிரியரைப் புதிதாக அமர்த்தவேண்டும், நூல் அச்சிடவேண்டும், பாடவேளை ஒதுக்கவேண்டும். அப்பாடவேளை எதிலிருந்து எடுக்கப்படும்? விளையாட்டிலிருந்தும், ஓவியத்திலிருந்தும், இசையிலிருந்தும், இறுதியில் தமிழிலிருந்துமே எடுக்கப்படும். ஆக, வெட்டைத் தவிர்க்கக் கையெழுத்திடச் சொல்கிறவர், பெரிய வெட்டுக்கே கையெழுத்திடச் சொல்கிறார்.

தில்லியில் பணம் இல்லாமலா? 2014–15 முதல் 2024–25 வரை சமற்கிருத வளர்ச்சிக்கு நடுவணரசு செலவிட்டது 2,532.59 கோடி உருபா. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகட்கும் சேர்த்துச் செலவிட்டது 147.56 கோடி. 2025-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த கணக்கு இது. ஐந்து பிள்ளைகட்கு ஒரு கவளம். ஒரு பிள்ளைக்குப் பதினேழு கவளம்! இப்பந்தியில் உட்கார்ந்துகொண்டுதான், மன்னார்புரத்துத் தாயிடம் எதை வெட்டலாம் என்று கேட்கின்றனர்.

பள்ளிச் செலவை வெட்டுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920-இல், தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு தொடங்கியது. பிள்ளைகள் வருகை பெருகியது. தொடக்கக் கல்விப் பணத்திலிருந்து உணவுக்குச் செலவிடக்கூடாது என்று வெள்ளையராட்சி தடுத்தது. 1925-இல் உணவு நின்றது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார், பள்ளி கட்டவும் ஆசிரியரை அமர்த்தவும் பணமில்லை என்று கூறி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பழகவேண்டுமாம்! ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அதன் முகத்திரையைக் கிழித்தார் பெரியார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் ஒழிந்தது. அதே கருவூலத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பள்ளிகளைப் பெருக்கினார். 1956-இல் நண்பகலுணவும் தந்தார். இங்கே நம் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில், 1982 சூலை முதல் நாளன்று ம.கோ.இரா. அத்திட்டத்தை விரிவாக்கித் தொடங்கி வைத்தபோதும், கருவூலம் வற்றிவிடும் என்றனர் சிலர். வற்றவில்லை, பள்ளிகள் நிறைந்தன. பணமில்லை என்பது பெரும்பாலும் மனமில்லை என்பதன் மறுபெயர்.

நண்பரே, நீர் நின்று கேட்ட மண் எது தெரியுமா? 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பெற்றபோது, அவ்வாண்டு ஆகசுடு முதல் நாள் உறையூரிலிருந்துதான் தமிழர் பெரும்படை புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உடன் நடக்க, 42 நாள் நடந்து செபுதம்பர் 11-இல் சென்னையை அடைந்தது. 1940 பிபுரவரியில் கட்டாய இந்தி வீழ்ந்தது. மன்னார்புரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன்தான், 1964 சனவரி 25-இல், கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தம் உடலுக்கு எரியூட்டிக்கொண்டார். இன்று அவ்வழியே நாம் பேருந்தில் கடந்து போகிறோம். அவர் உயிர் கொடுத்துக் காத்ததை நாம் ஒரு கையெழுத்திற்குக் கொடுத்துவிடலாமா?

இவ்வளவும் சொன்னபின், நம் முற்றத்தையும் பெருக்கவேண்டும். தில்லியின் கொடுமையைக் காட்டி, நம் மாநில ஆட்சிகள் தம் குற்றத்தை மறைத்துக்கொள்ள விடக்கூடாது. ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி கற்பிக்க 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தினர். திங்கள் ஊதியம் 5,000 உருபா. பன்னிரண்டு ஆண்டு கழித்து 2024-இலும் அது 12,500 உருபாதான். மாறி மாறி ஆண்ட இரு கட்சிகளும் அவர்களை நிலைப்படுத்தவில்லை. இத்திட்டப் பணத்தில் தொங்கவிடப்பெற்றதால்தான், தில்லி கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அவர்கள் ஊசலாடுகின்றனர். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளைப் பரப்பியவரும் தமிழரே. பல பள்ளிகளில் புதிய ஆசிரியரை அமர்த்தாமல், இருக்கும் ஆசிரியரையே இருவழியிலும் கற்பிக்க வைத்தனர். 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 47,000-க்கும் மேற்பட்ட மாணவர் தமிழிலேயே தோற்றனர். தாய்மொழியில் தோற்ற பிள்ளைக்கு மூன்றாம் மொழி ஒரு கேடா? அவனுக்கு வேண்டியது ஒரு நல்ல தமிழாசிரியர்!

மக்கள் வாய் திறந்தால் வெட்டு நிற்கும் என்பதையும் மறக்கவேண்டா. 2019-இல் 2,381 அரசு நடுவங்களில் தொடங்கிய மழலையர் வகுப்புகளை 2022 சூனில் நிறுத்தப்போவதாக அறிவித்தனர். பெற்றோர் குரல் எழுப்பினர்; சில நாள்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்துள்ள தமிழன்பர்களே, எதை வெட்டலாம் என்னும் தாள் உங்கள் முன் விரிக்கப்பட்டால், அதன்மேல் இவற்றை எழுதுங்கள்!

பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்க்கும் எதனையும் வெட்ட இசையோம். உணவும், விளையாட்டும், ஓவியமும், நூலகமும், தமிழ் மன்றமும் ஏழைப் பிள்ளைக்கு அணிகலன்கள் அல்ல. செல்வர் தம் பிள்ளைக்குத் தனிக்கட்டணம் செலுத்தி வாங்கித் தருவனவற்றை ஏழை பெறுவதற்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறிடம் இல்லை.

பகுதிநேர ஆசிரியரை மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் நிலைப்படுத்துக. அப்போதுதான் தில்லியின் கைக்கயிறு அறும்.

வெட்டியே ஆகவேண்டுமெனில், ஆடம்பர விழாவையும் விளம்பரத் தட்டியையும் வெட்டுக. ஆசிரியரின்றிப் பெயருக்கு நடக்கும் ஆங்கில வழிப் பிரிவுகளை மூடி, அவ்வாசிரியரின் முழு நேரத்தையும் தமிழ்வழிப் பிள்ளைக்குத் தருக.

யாவற்றினும் மேலாக, நோயின் வேரை அகற்றுக. கல்வி மாநிலத்தின் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையில், 1976-இல், 42-ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் அதனைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போயினர். அன்று சென்ற உரிமை மீளும்வரை, ஒவ்வோராண்டும் ஏதேனும் ஒரு பெயரில் ஏதேனும் ஓர் ஒப்பந்தத் தாள் வந்துகொண்டேயிருக்கும். 2025 அக்தோபரில் கேரள அரசு பணத்திற்காகக் கையெழுத்திட்டு, தன் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு எழவே அதனை நிறுத்தி வைத்ததையும் கண்டோம். கை நடுங்கியவர்க்கு இடர் தீர்ந்துவிடவில்லை, இழிவுதான் சேர்ந்தது.

அன்று மாலை அக்கூட்டத்தில் முடிவு ஒன்றும் எடுக்கப்படவில்லை. தலைமையாசிரியர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். கலைந்து போகும்போது, பின்வரிசை நண்பர் அத்தாயிடம், "வண்ணத்திற்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நல்லுள்ளம்! ஆனால், அந்த நல்லுள்ளத்தையே நம்பி அரசு ஒதுங்கிக்கொள்ள விடலாகாது. கையிலுள்ள காசைத் தந்து ஒரு பிள்ளைக்கு வண்ணம் வாங்கலாம். உரிமையைக் கேட்டுப் பெற்றால்தான் நாட்டின் பிள்ளைகட்கெல்லாம் வாங்கமுடியும்.

அடுத்த கூட்டத்தில், எதை வெட்டலாம் என்ற வினாவிற்கு விடை சொல்லாதீர்கள். எம் பணம் எங்கே என்று கேளுங்கள்!