வானவீதிக் காவல்

வானம் எல்லையற்றது, அதிற் செல்லும் விமானங்கள் ஒன்றோடொன்று முட்டுவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். இவ்வினா பிழைபட்ட எண்ணத்திற் பிறந்ததாகும். விமானங்கள் மனம்போனவாறு திரிவனவல்ல. வகுத்த வழிகளிலும் வகுத்த உயரங்களிலும் பெருநகரங்களை நோக்கி அவை நெருங்கி வருகின்றன. 29,000 அடி முதல் 41,000 அடி வரையில், ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செல்லும் விமானங்களுக்கிடையே முன்னர் 2,000 அடி இடைவெளி விடப்பட்டது. இப்பொழுது பெரும்பாலான நாடுகளில் 1,000 அடியே விடப்படுகின்றது. எதிரெதிராக வரும் இரு விமானங்கள் ஒரு நிமிஷத்திற் பதினாறு மைலுக்கு மேல் நெருங்கிவிடும். விமானி கண்ணாற் கண்டு விலகுதல் அரிது. ஆதலின், தரையிலமர்ந்து ராடார்த் திரையை நோக்கி ஆணையிடும் கட்டுப்பாட்டாளரே வானவீதியின் காவலராவர்.

காவலரின் ஆணை தவறாதிருந்தும் கேடு நேர்ந்ததுண்டு. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆந் தேதி, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் ஊரின்மேல், 14,000 அடியில் நிற்குமாறு பணிக்கப்பட்ட சவூதி விமானமும், 15,000 அடிக்குக் கீழே இறங்கலாகாதெனப் பணிக்கப்பட்ட கஸாக் விமானமும் மோதின. பின்னது தனக்குரிய உயரத்தினின்றும் தாழ்ந்தமையே காரணம். 349 பேர் மாண்டனர். வருவனவும் போவனவும் ஒரே வழியைப் பயன்படுத்தின. விமானங்களின் உயரத்தைத் திரையிற் காட்டும் ராடாரும் அன்று அங்கில்லை. இதன் பின்னரே, மோதலைத் தவிர்க்கும் கருவி விமானங்களில் இருத்தல் வேண்டுமென்று நம் நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது.

கருவி வந்துவிட்டது, இனி அச்சமில்லை எனலாமோ? 2002-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆந் தேதி இரவு நிகழ்ந்தது இதற்கு விடை பகரும். ஜெர்மனியின் தென்கோடியிலுள்ள ஊபர்லிங்கன் நகரின்மேல், 36,000 அடி உயரத்தில், ருஷ்ய விமானமொன்றும் சரக்கு விமானமொன்றும் குறுக்கிட வந்தன. அப்பகுதியைக் காத்தது ஸ்விட்ஜர்லாந்திலுள்ள சூரிச் நிலையம். அங்கே அவ்வேளையிற் பணியிலிருந்தவர் ஒருவரே. உடனிருக்க வேண்டியவர் இளைப்பாறச் சென்றிருந்தார். அவ்வொருவர் இரு மேசைகளையும் கவனிக்க வேண்டியதாயிற்று. முன்னெச்சரிக்கை தரும் அமைப்பும் தொலைபேசியும் செப்பனிடுதலின் பொருட்டுத் தடைப்பட்டிருந்தன. அண்டை நிலையத்தார் ஆபத்தைக் கண்டும், அவரை அழைத்து உரைக்க இயலவில்லை. ஒரு நிமிஷத்துக்கும் குறைந்த பொழுதே எஞ்சியிருக்கையில் அவர் ருஷ்ய விமானத்தை இறங்குமாறு ஏவினார். அதன் கருவியோ ஏறுமாறு கூறிற்று. மற்றைய விமானத்தின் கருவி இறங்கச் சொல்லிற்று. ருஷ்ய விமானி காவலரின் சொல்லைக் கேட்டார். மற்றவர் கருவியின் சொல்லைக் கேட்டார். இரண்டும் இறங்கி மோதின. 71 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர் சிறுமியர்.

இஃது எதிர்பாராத விபத்தென்று நாம் ஒப்புதற்கில்லை. பதினேழு மாதங்களுக்கு முன், 2001-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆந் தேதி, ஜப்பானில் யாய்ஸு நகரருகே இவ்வாறே காவலர் ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொல்லிற்று. இரு விமானங்களிலுமாக 677 பேர் இருந்தனர். கடைசிக் கணத்தில் விலகியமையால் மோதல் நேரவில்லை, பலர் காயமுற்றனர். இரு குரல்கள் மாறுபடின் எதற்குப் பணிவதென்பதை ஐயமற உலகெங்கும் வரையறுக்க அன்றே முயன்றிருத்தல் வேண்டும். கருவியின் சொல்லுக்கே பணிக என்னும் தெளிந்த விதி, ஊபர்லிங்கன் துயரத்திற்குப் பின்னரே வந்தது.

தனித்திருந்த அக்காவலரைத் தன் மனைவி மக்களை இழந்த ஒருவர் 2004-இற் கொன்றார். துயரம் அளவிறந்ததே, எனினும் பழி சென்றடைந்த இடம் சரியன்று. 2007-இல் ஸ்விஸ் நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய ஸ்தாபனத்தின் அலுவலர் நால்வரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. அதுவே நேரிய பார்வையென்பது எமது துணிபு. ஒருவரைத் தனியே அமர்த்தி, அவர் கண்ணையும் செவியையும் மறைத்துவிட்டு, பிழை நேர்ந்தபின் அவரையே குற்றஞ்சாட்டுதல் அறமாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. எவ்விரவாயினும் காவல் மேசையில் ஒருவர் தனித்திருத்தலாகாது. கருவிகளைச் செப்பனிடும் வேளையில் ஆட்களை மிகுதிப்படுத்துக. இயலாதெனின், அவ்வழியே விடும் விமானங்களைக் குறைத்திடுக. மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளை அஞ்சாது அறிவிக்க இடந்தந்து, அவற்றை நடந்துவிட்ட விபத்துக்களைப் போலவே ஆராய்க. இவற்றுக்குப் பொருட்செலவு உண்டென்பதை மறுக்கவில்லை. அச்செலவை மிச்சப்படுத்தியோர் பிறருடைய உயிரைக் கொண்டே மிச்சப்படுத்தினர்.

இதனைப் பயிலும் மாணவருட் சிலர் நாளை அம்மேசைகளில் அமரக்கூடும். வேறு சிலர் அங்கு எத்தனை பேர் அமர்வதென்று கணக்கிடும் அதிகாரிகளாகக்கூடும். பின்னவர்க்கே இதனைச் சிறப்பாகச் சொல்லுகின்றோம்.