ஸ்கின் கலர்

"அப்பா, ஸ்கின் கலர் கிரேயான் தீர்ந்து போச்சு" என்றாள் மகள். அவள் சொன்னது அந்த வெளிர் பீச் நிறக் குச்சியை. உன் கை என்ன கலர்டி என்று கேட்டேன். "இது பிரவுன்ப்பா. ஸ்கின் கலர் இல்ல."

என்னத்தைச் சொல்ல? அலமாரியின் மேல்தட்டில் இருந்து தலையணை சைஸ் புத்தகம் ஒன்றை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதைகள் மொத்தமும் ஒரே தொகுதியாக, சார்லஸ் வெஸ் வரைந்த படங்களோடு 2018 அக்டோபரில் வந்தது. ஐந்து நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு, உதிரியாக இன்னும் சில கதைகள். கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். படுத்துக்கொண்டு படித்தால் மூக்குக்கு உத்தரவாதம் இல்லை. இதே கதைகள் தனித்தனியாக பேப்பர்பேக்கில் கிடைக்கும்போது இவ்வளவு காசு கொட்டி இதை எதற்கு வாங்கினீர்கள் என்று தங்கமணி கேட்டது நியாயமான கேள்விதான். படத்துக்காக என்பதுதான் என் பதில்.

கதாநாயகன் கெட், கோண்ட் என்ற தீவில் ஆடு மேய்த்த பையன். செம்பழுப்புத் தோல். அவனுடைய நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாகக் கப்பலில் வந்து ஊரைக் கொள்ளையடிப்பவர்கள்தான் கார்க் தேசத்தார். 1968-ல் ஒரு அமெரிக்கப் பெண்மணி இப்படி எழுதினார். அதையும் தண்டோரா போடாமல், பையனோடு நாம் நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகுதான் நிறத்தை மெல்லச் சொல்கிறார். ஆனால் அதற்கப்புறம் வந்த எத்தனையோ பதிப்புகளின் அட்டையில் கெட் வெள்ளைக்காரன். 2004 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த டிவி தொடரிலும் வெள்ளைக்காரன். லெ குவின் கொதித்துப்போய் 'ஸ்லேட்' இதழில் கட்டுரையே எழுதினார். எழுதியவருக்கே தன் நாயகனின் தோல் மேல் அதிகாரம் இல்லை!

வெஸ்ஸோடு அவர் சுமார் நான்கு வருடம் பேசிப் பேசித்தான் இந்தப் படங்கள் உருவாயின. டிராகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே பல முறை வரைந்து அனுப்பித் திருத்தியிருக்கிறார்கள். கெட் கடைசியில் கெட் மாதிரியே இருக்கிறான். 2018 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். படங்களோடு சேர்ந்து புத்தகமாக வந்ததைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் சரி, மொத்தத் தொகுப்பையும் பிள்ளை கையில் அப்படியே கொடுத்துவிடலாமா? கூடாது என்பேன். முதல் மூன்றும் பத்து பன்னிரண்டு வயதுக்குத் தாராளம். நான்காவதான 'டெஹானு' 1990-ல், 18 வருடம் கழித்து வந்தது. நெருப்பில் தள்ளப்பட்டு முகம் கருகிய ஒரு குழந்தை, சக்தியெல்லாம் போய் வெறும் மனிதனாக நிற்கும் கெட், அடுப்படியும் ஆட்டுப்பட்டியுமாக இருக்கும் விதவை டெனார். பெரியவர்களுக்கான புத்தகம். முதல் நாவலில் மந்திரவாதிப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம், பெண்களின் மந்திரம் என்றால் ஊருக்கே இளக்காரம். அதை எழுதியவரே திரும்பி வந்து கேள்வி கேட்கிறார். மற்றவர்கள் பூசிய வெள்ளையைக் கண்டித்தவர், தன் பங்கையும் விட்டுவைக்கவில்லை. ஒரே அட்டைக்குள் எல்லாம் இருப்பதால் இது பளிச்சென்று தெரிகிறது. எனக்கு இந்தத் தொகுப்பில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் பதினோரு வயதுக்கு இது இப்போது வேண்டாம்.

மகள் முதல் நாவலை முடித்துவிட்டாள். இரண்டாவதன் நாயகி டெனார் வெள்ளைக்காரி என்றதும், "அப்ப அவங்க வில்லன் இல்லையாப்பா?" என்றாள். படிச்சுப் பாரு என்றேன்.

நான்காவதில் தொடங்கி மீதிப் பக்கங்களை எல்லாம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். நேற்று பார்க்கிறேன், ரப்பர் பேண்ட் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது :-)