தோழியும் ஏடும் பலகாரத் தட்டும்



இரண்டு பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டால் நம் ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வம்பு'. தேவதானத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சில் ஆண்கள் கூடி, ஒருவர் நாளிதழைப் படிக்க நால்வர் கேட்க, மாங்காய் விலையிலிருந்து மேல்நாட்டுப் போர் வரை அலசுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? 'உலக அறிவு'! பெஞ்சு அவர்களுக்கு, பழி நமக்கு. இஃது என்ன நியாயம்?

தோழியரோடு கூடிப் பேசுவது, ஒரு நூலைப் பகிர்ந்து படிப்பது, சேர்ந்து ஏதேனும் பலகாரம் செய்து உண்பது ஆகிய மூன்றும் பொழுதைக் கொல்லும் வேலைகள் என்று சொல்வோரை நான் மறுக்கிறேன். சான்றுக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சான்று இருக்கிறது.

திருப்பாவையைச் சமய நூலாக அறிவோம். அதை ஒரு பெண் தன் தோழியரைப் பற்றிப் பாடிய இலக்கியமாகவும் படித்துப் பாருங்கள். முப்பது பாடல்களில் 6 முதல் 15 வரை பத்துப் பாடல்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன! எழுந்து வராதவளின் தாயிடம் போய், உங்கள் மகள் ஊமையா, செவிடா என்று கேட்கும் குறும்பைப் பாருங்கள். பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருப்பவளும் விடாமல் வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். நோன்பு நிறைவெய்தும் இருபத்தேழாம் பாட்டிலோ, முழங்கை வரை நெய் வழியும் பாற்சோற்றை எல்லாரும் ஒன்றாகக் கூடியிருந்து உண்பதுதான் கேட்கப்படும் பரிசு. தோழமை, பாட்டு, இனிய உணவு என மூன்றையும் ஆண்டாள் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறாள். அதை யாரும் வம்பு என்று சொல்லக் காணோம். (அவ்வளவு நெய்க்கு இன்றைக்கு எங்கே போவது என்று உங்கள் அம்மா கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை!)

இனி அடுப்படிக்கு வருவோம். தனி ஒருத்தியாக அதிரசம் சுட்டவர் எத்தனை பேர்? ஊறவைத்து இடித்த ஈர மாவில் வெல்லப் பாகு சேர வேண்டும். பாகு இளகியிருந்தால் எண்ணெயில் உதிரும், முற்றிவிட்டால் கல்லாகும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, "இப்போ இறக்கு" என்று சொல்ல அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இன்று கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் செய்முறைகள் கிடைக்கின்றன. அவை நன்மையே. ஆனால் உதிர்ந்துபோன அதிரசத்தைக் காட்டி, "ஏன் இப்படி ஆச்சு மதினி?" என்று கேட்டால் கைப்பேசிப் படம் எட்டிப் பார்த்துச் சொல்லுமா?

கிறிஸ்துமஸ் கேக்கும் அப்படித்தான். அவன் என்னும் மின்அடுப்பு இல்லாத காலத்தில் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் கலவை ஊற்றிய கிண்ணத்தை வைத்து, தட்டால் மூடி, தட்டின் மேலும் தணலை இட்டு வேகவைத்தார்கள். இன்றும் பல வீடுகளில் குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பிச் செய்கிறார்கள். ஒருத்தி முட்டையை நுரைக்க அடிக்க, ஒருத்தி வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்க, இன்னொருத்தி ஈர்க்குக் குச்சியால் குத்திப் பார்க்க, கைகள் வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாயும் மனமும் திறக்கின்றன. யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்குப் படிப்பை நிறுத்தப் போகிறார்கள், யார் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. தெரிந்தால்தானே துணை நிற்க முடியும்?

பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். முறுக்கு வந்த தட்டில் இரண்டு வாழைப்பழமாவது போகும். சில வீடுகளில் அத்தட்டோடு ஒரு புத்தகமும் போயிற்று. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, வீட்டுக்கு வீடு கைமாற்றிப் படித்தவர்களில் பெண்கள் எத்தனையோ பேர்.

தோழமையிலிருந்தே நூல் பிறந்ததும் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஆறு வயது நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டுப் பள்ளிக்கூடம் காணாதவர். அவர் மனத்தில் கதை இருந்தது; எழுதத்தான் கை பழகவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் 'இந்திரமோகனா' நாடகம் நூலாயிற்று. பிறகு தாமே எழுதப் பழகி 115 நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழையும் பல்லாண்டுகள் நடத்தினார். அன்று பட்டம்மாளை யாராவது, "உனக்கு வீட்டில் வேலை இல்லையா?" என்று விரட்டியிருந்தால்? எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்ததற்கும், "இதை எப்படிச் செய்வது?" என்று உறவுப் பெண்கள் அவரிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததே தூண்டுதல்.

ஆகவேதான் எனக்கு ஒரு கவலை. பள்ளியில் ஒரே பெஞ்சில் ஐந்தாறு ஆண்டுகள் அமர்ந்தவர்கள், இறுதித் தேர்வு எழுதிய மறுநாளே ஆளுக்கொரு திசையில் பிரிகிறோம். ஒருத்தி ராஜபாளையத்து நூற்பாலைக்குப் போகிறாள். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளோடு பேசவும் முடியாது. ஒருத்தி சத்திரப்பட்டிக்கு மருமகளாகிப் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டில் விளக்கேற்றுகிறாள். ஒருத்தி கோவையில் கல்லூரிக்குப் போகிறாள். ஆண்பிள்ளைகளின் நட்பு திருமணத்துக்குப் பிறகும் தொடர்கிறது. நம் நட்பு மட்டும் தாலி ஏறியதும் முடிந்துவிட வேண்டுமாம்! 'ஹாய்', 'குட்மார்னிங்', ஒரு பூப்படம் என்று கைப்பேசிக் குழுவில் அனுப்பிக்கொள்வதை நலம் விசாரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகம் வாடியிருப்பதை நேரில் பார்ப்பவள்தான் கண்டுபிடிப்பாள்.

கூட இடம் இல்லை என்போருக்கு ஒன்று சொல்வேன். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டங்களில் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிறோம். அதன் வழியில் வளர்ந்த கிளை நூலகங்களில் நாளிதழ் மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் நாம் தயங்கி வாசலோடு திரும்புகிறோம். தனியே போகத் தயக்கமாயின் நால்வராகப் போவோம். ஆளுக்கொரு நூல் எடுத்து, அடுத்த மாதம் மாற்றிக்கொள்வோம்.

பெற்றோருக்கும் அண்ணன்மார்க்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலை எங்களுக்கு விட்டுக் கொடுங்கள். மணமாகிப் போன தோழி வந்தால், "எதுக்கு வந்தா?" என்று கேட்காமல் ஒரு வாய் காப்பி கொடுங்கள். தோழியரே, நீங்களும் மறவாமல் இப்போதே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு வசதியாக இருக்கும். ராஜபாளையத்திலிருந்து தேவதானத்துக்குப் பேருந்து உண்டு. வருபவள் படித்து முடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவரட்டும். மாவு பிசைந்து வைப்பது இங்கிருப்பவள் பாடு.