புதுக் கம்பெனிகளின் திருவிழா: தொழிலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

கோவை கொடிசியா வளாகத்தில் 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் உலகப் புத்தொழில் மகாநாடு நடந்தது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். நாலு வருஷத்துக்கு முன்பு சுமார் 2,000 ஆக இருந்த புத்தொழில் கம்பெனிகள் இன்று 12,000க்கு மேல் பெருகிவிட்டன என்று மேடையில் பெருமையோடு அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு, ஏப்ரல் மாதத்தில், டில்லியில் "ஸ்டார்ட்அப் மகாகும்பம்" என்ற பெயரில் இதே மாதிரித் திருவிழா ஒன்று நடந்தது.

தர்மபுரி மில் தொழிலாளிக்கும், பென்னாகரம் கூலி விவசாயிக்கும் இதிலே என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. மேடையில் நிற்பது நமது பிள்ளைகளின் பிழைப்பு. அதற்குக் கொடுக்கப்படும் மானியமோ நமது வரிப்பணம்.

இத்தகைய மகாநாடுகளில் நடப்பது என்ன? ஓர் இளைஞர் மேடையேறுவார். ஐந்து நிமிஷத்தில் தமது யோசனையைச் சொல்லிப் பணம் கேட்பார். எதிரே பணமுள்ளவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிடித்திருந்தால் ஒரு பங்கை வாங்குவார்கள். நூற்றில் ஒரு பங்கை ஒரு கோடிக்கு ஒருவர் வாங்கிவிட்டால், மறுநாள் பத்திரிகையில் "நூறு கோடி ரூபாய்க் கம்பெனி" என்று செய்தி வரும். ஒரு சாமான்கூட விற்றிருக்க வேண்டியதில்லை! பிறகு அடக்க விலைக்கும் குறைத்து விற்று, சில்லறைக் கடைக்காரனை ஓரங்கட்டி, மார்க்கெட்டைப் பிடிப்பார்கள். பங்கு விலை ஏறும். ஏறிய விலைக்கு விற்றுவிட்டு முதலில் பணம் போட்டவர் வெளியேறுவார். மிஞ்சுவது கடைசியில் பங்கு வாங்கியவனும், அங்கே உழைத்தவனும்தான்.

இது வீண் பழி அல்ல. பாடம் விற்க வந்த பைஜூஸ் கம்பெனிக்கு 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு போட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் 2,500 பேரை வேலையை விட்டு நீக்குவதாக அறிவித்த கம்பெனி, அடுத்த மாதமே உலகப் புகழ்பெற்ற பந்தாட்டக்காரர் மெஸ்ஸியைத் தனது விளம்பர தூதராக்கியது. 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 வரை நமது மாவட்டமாகவே இருந்த போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை எழும்பியது. வருஷத்துக்கு ஒரு கோடி வண்டி, பத்தாயிரம் பெண்களுக்கு வேலை என்று 2021ல் முழங்கினார்கள். 2024-25ம் வருஷம் அந்தக் கம்பெனி கொடுத்த வண்டிகள் சுமார் 3.6 லட்சம். 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு விற்ற பங்கு, முதலில் இரட்டிப்பாக ஏறி, பிறகு அந்த 76க்கும் கீழே இறங்கியது. 2025 மார்ச்சில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஆட்குறைப்பு என்று பத்திரிகைகள் எழுதின. அதில் காண்டிராக்ட் தொழிலாளரும் உண்டு. ஆலை வந்ததை நாம் குறை கூறவில்லை. நம் பெண்கள் யந்திரத்தில் நின்று வண்டி செய்வது பெருமையான விஷயம். ஆனால் மேடையில் கொடுத்த வாக்கை அளந்து பார்க்க ஆள் வேண்டாமா?

டில்லித் திருவிழாவில் ஓர் அதிசயம் நடந்தது. வணிக மந்திரி பியூஷ் கோயல், 2025 ஏப்ரல் 3ல், கூடியிருந்த கம்பெனிக்காரர்களையே கடிந்து பேசினார். சீனாவில் புதுக் கம்பெனிகள் மின்சார வண்டி, பாட்டரி, சிப் செய்கின்றன. இங்கே சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையோடு திருப்தி அடைவதா, பணக்காரர் வீட்டை விட்டு நகராமல் சாப்பிட, வேலையற்ற இளைஞரை மலிவுக் கூலி ஆக்குவதா என்பது அவர் பேச்சின் சாரம். உடனே ஜெப்டோ கம்பெனி முதலாளி, ஒன்றரை லட்சம் பேர் எங்களால் பிழைக்கிறார்கள் என்று பதில் சொன்னார்.

இருவரும் தொழிலாளியைச் சுட்டிக் காட்டினார்கள். அவனுக்குக் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, வண்டியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று இருவரில் எவர் கேட்டார்? மலிவுக் கூலி என்று மந்திரி சொன்னது உண்மைதான். ஆனால் கூலியை மலிவாக்கிய சட்டம் யார் போட்டது? 2016 ஜனவரி 16ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஸ்டார்ட்அப் திட்டத்திலேயே, தொழிலாளர் சட்டங்களை ஒழுங்காக நடத்துகிறோம் என்று முதலாளி தானே எழுதிக் கொடுத்தால் போதும், மூன்று வருஷத்துக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்று சலுகை தந்தார்களே! மில்லிலே இன்ஸ்பெக்டர் வந்தபோதே என்னென்ன நடந்தது என்பதை நமது தொழிலாளிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21ல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமோ, டெலிவரித் தொழிலாளியை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. கம்பெனி தன் வரவு செலவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ நிதிக்குக் கட்ட வேண்டுமாம், பி.எப்., ஈ.எஸ்.ஐ., குறைந்தபட்சக் கூலி என்ற உரிமை கிடையாது.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறும் நமது ஊர்ப் பையன்களில் பலர் இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள். பத்து நிமிஷத்தில் கொண்டு வா என்று செல்போன் விரட்டுகிறது. 2025 டிசம்பர் 31ல் நாட்டின் பல நகரங்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான், 2026 ஜனவரியில், "பத்து நிமிஷம்" என்ற விளம்பரத்தைக் கைவிடும்படி சர்க்கார் கம்பெனிகளிடம் சொல்ல நேர்ந்தது. மகாநாட்டு மேடையால் ஆகாதது, தொழிலாளி வண்டியை நிறுத்தியதும் ஆயிற்று!

யந்திரத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. சாமைத் தோல் தானியத்தோடு ஒட்டியது. அதை உரலில் குத்தும் மலைக்கிராமத்துப் பெண்ணின் கையைப் பார்த்தவர் யாரும் யந்திரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தர்மபுரியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பதும் பெண்களே. பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்தால் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த மூன்றுக்கும் சின்னதாக, மலிவாக, கிராமத்திலேயே ஓடக்கூடிய யந்திரம் செய்யும் இளைஞனை நாம் தோளில் தூக்கிக் கொண்டாடுவோம். ஆனால் அந்த யந்திரம் யார் கையில் இருக்கும்? வியாபாரி கையில் இருந்தால் புளி தட்டும் பெண்ணின் கூலி போகும். பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருந்தால் அவளுடைய முதுகுவலி போகும். யந்திரம் ஒன்றுதான், உடைமை மாறினால் பலன் மாறுகிறது.

தமிழக சர்க்கார் புதுக் கம்பெனிகளுக்கு 10 லட்சம், பெண்கள் நடத்துவதற்கு 15 லட்சம் வரை ஆதார மானியம் தருகிறது. கொடுக்கட்டும். கொடுக்கும்போது மூன்று நிபந்தனை போடட்டும்.

ஒன்று: பொதுப்பணம் வாங்கிய கம்பெனி எத்தனை பேருக்கு வேலை தந்தது, என்ன கூலி தந்தது, பி.எப். கட்டியதா என்பதை வருஷா வருஷம் ஜனங்களுக்குப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு: செல்போன் மூலம் வேலை வாங்குகிறவனும் முதலாளியே, வேலை செய்கிறவன் தொழிலாளியே என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரணையில்லாமல் வேலையிலிருந்து துண்டிப்பது கூடாது.

மூன்று: சாமை, புளி, தக்காளி போன்ற நமது தேவைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி, யந்திரத்தைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அவிநாசி ரோட்டை ஒட்டித்தான் அந்த மகாநாட்டு வளாகம் இருக்கிறது. அதே ரோட்டில்தான் சின்னியம்பாளையமும் இருக்கிறது. அவ்வூர் மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8ல் தூக்கிலேறினர். கோவையில் மில் வந்ததால் மட்டும் தொழிலாளிக்கு உரிமை வந்துவிடவில்லை. சங்கம் வந்ததால் வந்தது. புதுக் கம்பெனிக்கும் இதே கணக்குத்தான். ஆகவே, வண்டி ஓட்டும் நமது பிள்ளைகள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் வரும்போது, அவர்களைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் கையில் இருக்கும் செல்போனில் கம்பெனியின் கட்டளை மட்டும் வந்தால் போதாது. சங்கத்தின் அழைப்பும் வரவேண்டும்!